கண்ணும் கருத்தும்

ஆசிரியர் தாம் கண்டறியாத பொருள்கள் பலவற்றைப் பற்றியும் மாணவர்க்குக் கூற வேண்டியவராகிறார். நூல் கூறுவதை நம்பி அவர் கூறுகிறார். அவர் கூறுவதை நம்பி மாணவர் கேட்கின்றனர். இவ்வாறு 30 ஆண்டுகளுக்கு மேலாக நான் காணாமலே கூறி வந்த பொருள்களுள் ஒன்று குறிஞ்சி மலர்.

தஞ்சை வயல்களுக்கு நடுவே அமைந்த ஓர் ஊரில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். அவ்வூர்ப் பிள்ளைகள் மருத நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நாற்றங்காலும் வாய்க்காலும் அவர்கள் நாள்தோறும் காண்பவை. மலையையோ அவர்களுள் பலர் படத்தில்தான் கண்டிருந்தனர். ஐந்திணைகளைக் கற்பிக்கும்போது மருதத்தை விளக்க எனக்கு நூல் வேண்டியதில்லை. சாளரத்தின் பக்கம் கையை நீட்டினால் போதும். குறிஞ்சியை விளக்க எத்திசையில் கையை நீட்டுவது? ஆகவே, “12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சாரலில் பூக்கும் மலர் குறிஞ்சி, அதன் பெயரே நிலத்துக்கும் ஆயிற்று” என்று கூறி, கரும்பலகையில் ஒரு மரத்தையும் அதில் பெரிய பூக்களையும் வரைந்து காட்டுவேன்.

2018ஆம் ஆண்டு என் பணிக்காலத்தின் இறுதி ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. சிறு சிறு கட்டங்களாலாகிய விரைவுத் துலங்கல் குறியீடு அதில் அச்சிடப்பெற்றிருந்தது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்தைச் சார்ந்த காட்சிகளைக் காணலாம் என்றனர். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. “தமிழ் செவிவழியாகக் கற்பது; அதற்குத் திரை எதற்கு?” என்று உடன் பணியாற்றியவர்களிடம் கூறி வந்தேன்.

ஒருநாள் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். அது தேவகுலத்தார் என்னும் புலவர் பாடியது. தலைவி தன் அன்பின் அளவைக் கூறுமிடத்தில் தலைவனுடைய மலையையும், அங்கு வளரும் குறிஞ்சியின் கரிய கொம்பையும், அதன் பூவிலிருந்து வண்டுகள் சேர்க்கும் தேனையும் நினைவு கூர்கிறாள். நான் வழக்கம்போல மரம் வரைந்தேன். அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, நீங்கள் குறிஞ்சிப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்பது சிறிய சொல்தான். அதைக் கூற எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

இச்செய்தி அறிவியல் ஆசிரியரின் செவிக்கு எட்டியது. அவர் வயதில் இளையவர். மறுநாள் மடிக்கணினியும் படவீழ்த்தியும் கொண்டு வந்து, “ஐயா, இவ்வாண்டு குறிஞ்சி பூத்திருக்கிறது, அனைவரும் காணலாம்” என்றார். மூணாற்றை அடுத்த இரவிகுளத்து மலைச்சரிவுகள் வகுப்பறைச் சுவரில் தோன்றின. மலை முழுவதும் நீலம் போர்த்தியிருந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். நானோ வாய் பேசாது நின்றேன். குறிஞ்சி மரமன்று, புதர்ச்செடி. அதன் பூ பெரியதுமன்று. சிறு மணி போன்றது. முதல்நாள் நான் வரைந்த மரம் பக்கத்துக் கரும்பலகையில் இன்னும் அழியாமல் இருந்தது. “நான் வரைந்தது பிழை” என்று கூறி, மாணவர் முன்னிலையில் அதனைத் துடைத்தேன்.

காட்சி சில நிமிடங்களில் முடிந்தது. “என்ன கண்டீர்கள்?” என்று வினவினேன். “நீலம்” என்றனர் அனைவரும். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கூறவில்லை. “புலவர் கூறியது என்ன?” என்றேன். முதல்நாள் வினவிய மாணவியே, “கரிய கொம்பு” என்றாள்.

மீண்டும் காட்சியை ஓட்டச் செய்து, செடி அருகில் தெரியுமிடத்தில் நிறுத்தச் சொன்னேன். பூங்கொத்துகளுக்குக் கீழே கருமை படர்ந்த கொம்பு தெரிந்தது. சற்றுத் தள்ளி நிறுத்தியபோது, பூவில் ஒரு தேனீ அமர்ந்திருந்தது. முதல்முறை ஓடியபோதும் அவை அங்கேதான் இருந்தன. எங்கள் கண்தான் அவற்றைக் காணவில்லை. எங்கே நோக்க வேண்டும் என்பதைப் பாட்டு கூறிற்று. பாட்டு கூறியது யாது என்பதைக் காட்சி காட்டிற்று. “12 ஆண்டுகள் காத்திருந்து பூக்கும் பூவின் தேன் என்றால், அது எவ்வளவு அரிது! அதனால்தான் தலைவி அதைச் சொன்னாளோ?” என்று அம்மாணவி கேட்டாள். அவ்விளக்கத்தை நான் அவளுக்குக் கூறியிருக்கவில்லை.

சில நாள் கழித்து மற்றொரு மாணவன் தன் தந்தையின் கைப்பேசியில் கண்ட காணொளியைப் பற்றிக் கூறினான். “ஐயா, குறிஞ்சி என்று பெயரிட்டு நீலப் பூ நிறைந்த ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். அது தவறுதானே?” என்றான். நான் நெடுங்காலம் செய்த பிழையை அக்காணொளியும் செய்திருந்தது! ஆசிரியர் சொல்லாயினும் திரையின் காட்சியாயினும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொண்டான். எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்தது வேறில்லை.

2020ஆம் ஆண்டு கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பாடங்கள் வீடு தேடி வந்தன. அவை செய்த உதவி பெரிது. ஆயினும் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அயல்வீட்டுத் திண்ணையில் காத்திருந்ததையும் கண்டேன். கருவி உடையவர்க்கும் ஒரு குறை இருந்தது. காட்சி ஓடிக்கொண்டே இருந்தது, இடையில் நிறுத்தி, “என்ன கண்டாய்?” என்று வினவுவார் அருகில் இல்லை.

மாணவர்களே! காணொளியைக் காணுங்கள், ஆயின் ஓடவிட்டு மட்டும் காணாதீர்கள். நிறுத்திக் காணுங்கள், நூலோடு ஒப்பிட்டுக் காணுங்கள், ஐயம் எழுந்தால் தயங்காது கேளுங்கள். கேட்கப்பட்டவர் “அறியேன்” என்று கூறினால், அவரை இகழாதீர்கள். அவ்விடத்திலிருந்து இருவரும் சேர்ந்து கற்கத் தொடங்கலாம்.

2018இல் பூத்த குறிஞ்சிச் செடிகள் வித்திட்டு மடிந்தன. அவ்வித்துகளிலிருந்து முளைத்தவை மலைச்சாரல்களில் அமைதியாக வளர்ந்து வருகின்றன. 2030ஆம் ஆண்டில் அவை பூக்கும். அப்பொழுது இயலுமாயின் மலைக்கே சென்று காணுங்கள். நீலம் தானே உங்கள் கண்ணில் படும். நீங்கள் கரிய கொம்பைத் தேடிக் காணுங்கள்.