சிரிக்க வைத்தேன், பரிசும் வாங்கினேன்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு அண்ணன் கேட்டதும், "காமெடிக் கட்டுரை எழுதட்டுமாண்ணா?" என்றேன். "நீதான் காமெடி பார்ட்டியாச்சே, எழுது" என்று பேப்பரைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. மனதில் கிடக்கிற ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அதோடு, அந்தத் தப்பை எனக்குப் புரியவைத்த ஒரு மெக்கானிக்கல் என்ஜினீயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கிரேசி மோகன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்கவரம். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்கள் கொஞ்சம் வடக்கே வந்தால் எங்கள் குன்றையும் பார்க்கலாம். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714-ல் ஆற்காடு நவாப்பின் படையோடு சண்டைக்குக் கிளம்பிய ராஜா தேசிங்கு, இவரிடம்தான் உத்தரவு கேட்டாராம். பெருமாள் 'வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை. போனார், போரில் மாண்டார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஆயா ஒன்று சேர்த்துக்கொள்ளும்: "ஒருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கினா, நாம இன்னா தப்பு பண்ணோம்னு யோசிக்கணும்டா."

எனக்கு அப்படி ஒரு முகம் திரும்பியது, முதல் வருஷக் கல்லூரி விழாவுக்கு மறுநாள்.

விழாவுக்கு நான் ஒரு குட்டி நாடகம் எழுதினேன். ஒர்க் ஷாப்பில் நடக்கும் வைவாதான் காட்சி. எங்கள் வகுப்பில் ஒருவனுக்குப் பேச்சு திக்கும். பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன், பசித்தால் தன் சாப்பாட்டில் பாதியைத் தருகிறவன். மேடையில் நான் அவனைப் போலவே பேசிக் காட்டினேன். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹால் அதிர்ந்தது! விசில் பறந்தது! முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கிடைத்தது. மூன்றாவது வரிசையில் இருந்த அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் அவன் முன்சீட்டில் போய் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மாதமே ஒரு லேப் வைவாவில் வாயே திறக்கவில்லை. பதில் தெரியாமல் இல்லை, எனக்கு வெர்னியர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். "மார்க் போனாலும் பரவாயில்லை, பேசமாட்டேன்" என்று இன்னொருவனிடம் சொன்னானாம். அன்றிலிருந்து அந்த டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை.

அந்த லீவில் ஒருநாள் டிவியில் 'அபூர்வ சகோதரர்கள்' (1989) போட்டார்கள். ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனம் கிரேசி மோகன். கமல் குள்ள அப்புவாக வருகிற படம். பாதிப் படத்தில்தான் எனக்கு உறைத்தது. நாம் வயிறு வலிக்கச் சிரிப்பது யாரைப் பார்த்து? தப்புத் தப்பாகக் கண்டுபிடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தும் இன்ஸ்பெக்டர் ஜனகராஜைப் பார்த்து. அதற்கும் வாயைப் பிளந்து பாராட்டும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ். சிவாஜியைப் பார்த்து. அப்பு மனசு உடைகிற இடத்திலோ நமக்கும் தொண்டை அடைக்கிறது. குள்ளத்தைக் கேலி செய்து கைதட்டல் வாங்குவது எவ்வளவு சுலபம்! அந்தச் சுலபமான வழியை நம்பாமலே படம் முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தும் அப்போது ஞாபகம் வந்தது. ராஜா வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து நின்றதும், கட்டியக்காரன் 'நீ யாருய்யா?' என்கிற மாதிரி மடக்குவான். துரியோதனனையே நக்கல் பண்ணுவான். கிரீடம் வைத்த தலையைத் தட்டினால் ஊரே சிரிக்கும். நான் தட்டியதோ குனிந்த தலையை.

அதன்பிறகு கிரேசி மோகனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1952-ல் பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர், அதாவது நம்ம டிபார்ட்மெண்ட்! அங்கே படிக்கும்போதுதான் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு நாடகம் எழுதிப் பரிசு வாங்கினார். பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் கமல்ஹாசன்! பிற்பாடு அவருக்கே வசனம் எழுதுவோம் என்று அன்றைக்கு நினைத்திருப்பாரா? படிப்பு முடிந்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தார். 1976-ல் எஸ்.வி. சேகர் குழுவுக்காக எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' ஓகோ என்று ஓட, 'கிரேசி' என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1979-ல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்று சொந்தக் குழு தொடங்கினார். தம்பி மாது பாலாஜிதான் மேடையில் ஹீரோ. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே. பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை'யாகப் படமெடுத்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்து, மேடை, சினிமா. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990), 'சதிலீலாவதி' (1995), 'அவ்வை சண்முகி' (1996), 'தெனாலி' (2000), 'பஞ்சதந்திரம்' (2002)... 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) படத்தில் மார்க்கபந்துவாக வந்து நடித்தவரும் அவரேதான். வெண்பாவும் எழுதுவார், ஓவியமும் வரைவார்.

இன்னொரு விஷயம். அவர் நாடகங்களில் கதாநாயகி பெயர் பெரும்பாலும் ஜானகி. பள்ளிக்கூடத்தில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது. நன்றியைக்கூடச் சிரிப்புக்குள் வைத்த மனிதர். 2019 ஜூன் 10-ம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். வயது 66.

அவருடைய வசனத்தை நான் லேத்தில் வேலை செய்கிற பையனின் கண்ணால்தான் பார்க்கிறேன். ஒருவர் ஒரு வார்த்தையைச் சொல்வார், அடுத்தவர் அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் பிடிப்பார், அதிலிருந்து மூன்றாமவர் கிளம்புவார். ஷாஃப்டும் ஹோலும் மாதிரி, இடைவெளி ஒரு நூல் கூடினாலும் ஆடும், குறைந்தாலும் சிக்கும். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கல்யாணச் சாம்பாரில் ஒரு மீன் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்! அதை வைத்து எவ்வளவு நேரம் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள்! யாருடைய உடம்புக் குறையும் அங்கே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது உழைப்பு. உழைக்கச் சோம்பல்பட்டுத்தான் நான் நண்பனின் நாக்கைக் கடன் வாங்கியிருக்கிறேன்.

இந்த வருஷ விழாவுக்கு மறுபடி எழுதினேன். "டாலரன்ஸ்னா என்னடா?" என்று வாத்தியார் கேட்பார். "ரெண்டு மணி நேரமா உங்க கிளாஸ்ல உட்கார்ந்திருக்கோமே, அதான் சார்" என்பான் பையன். இப்படிப் பத்துப் பக்கம். அதை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டான். அவன் அம்மா டீ கொடுத்தார். நான் டீ குடித்து முடிக்கும்வரை படித்தான். டாலரன்ஸ் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தான். பிறகு பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பேசினான். எப்படிப் பேசினான் என்று எழுதமாட்டேன். என்ன சொன்னான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"வாட்ச்மேன் தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு ஜோக் போட்டிருக்கே. அவரும் விழாவுக்கு வருவாருடா. வேணாம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவ்வளவு படித்தும், இவ்வளவு யோசித்தும், அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை!

அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று தெரியாது. பஸ்ஸில் இன்னும் முன்சீட்டில்தான் உட்காருகிறான். ஆனால் நாடகத்துக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். இந்த முறை பரிசு வரவில்லை. வாட்ச்மேன் தாத்தா கடைசி வரிசையில் நின்று பார்த்தார், சிரித்தார்.

நண்பர்களே, அடுத்த வருஷமும் விழா வரும், யாராவது நாடகம் எழுதுவீர்கள். மேடையேற்றும் முன்னால் ஒருதரம், அதைப் பார்த்து யார் சிரிக்க முடியாதோ அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் அடிக்கிற வரியை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நகைச்சுவை.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு