மூணு நாள் கணக்கு

கழிவுநீர் சோதிக்கிற லேப்ல குப்பை கொட்டுறவன் நான். பள்ளிக்கரணைக்காரன் இதைச் சொன்னா சிலர் நிஜக் குப்பைன்னே நினைச்சுக்கறாங்க. பெருங்குடி குப்பைமேடு பக்கத்துலயே இருக்கறதோட ராசி :-)

சரி, மேட்டருக்கு வருவோம். போன மாசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எங்க ஏரியா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒண்ணோட செயலாளர் சார் கேனோட வந்து நின்னார். அவங்க சுத்திகரிப்பு நிலையத்துலேர்ந்து வெளியே போற தண்ணி.

"பிஓடி ரிசல்ட் சனிக்கிழமை வேணும் தம்பி."

"மூணு நாள் ஆகும் சார். ஞாயித்துக்கிழமைதான்."

"ரெண்டு நாள்ல பாத்துட்டு கொஞ்சம் கூட்டிப் போட்டுக்குங்க. லேசா கலங்கலா வேற இருக்கு, வடிகட்டிட்டுப் பண்ணுங்களேன்."

பிஓடி வேற ஒண்ணுமில்லை மக்களே. தண்ணியில இருக்கற கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுங்கற கணக்கு. 300 மில்லி பாட்டில்ல அடைச்சு, ஆக்சிஜனை அளந்துட்டு, 27 டிகிரியில இருட்டுல மூணு நாள் வெச்சு, திரும்ப அளக்கணும். வடிகட்டினா தண்ணியில மிதக்கற கழிவு தாளோட போயிடும். நம்பர் குறையும். குழாய்ல போற தண்ணி அப்படியேதான் இருக்கும்.

சார் விவரமானவர். "நெட்ல பாத்தேன், வெளிநாட்டுல அஞ்சு நாள், 20 டிகிரி. நீங்க மூணு நாளா மாத்திக்கலையா?"

செம கேள்வி! அஞ்சு நாள் கணக்கு பிரிட்டிஷ் அரசு அமைச்ச கழிவுநீர் கமிஷன் 1912ல சொன்னது. அங்கத்திய குளிருக்கு ஏத்த மாதிரி 65 டிகிரி ஃபாரன்ஹீட். பிறகு 20 செல்சியஸ் ஆச்சு. நம்ம வெயில்ல நுண்ணுயிர் வேகமா வேலை செய்யும். 27 டிகிரியில மூணு நாள் வெச்சா கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். 1993ல வந்த இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 3025, பகுதி 44 அதைத்தான் முறையாக்கினது.

ஆக, முறையை மாத்தலாம். ஆனா மாத்தினதை மறைக்கலை. "3 நாள், 27 டிகிரி"ன்னு ரிசல்ட் பக்கத்துலயே எழுதறோம்.

லேப்களுக்கான ஐஎஸ்ஓ 17025 (2017 பதிப்பு) சொல்றதும் இதுதான். முறையிலேர்ந்து விலகணும்னா எழுத்துல இருக்கணும், தொழில்நுட்பக் காரணம் வேணும், பொறுப்பானவர் அனுமதிக்கணும், வாடிக்கையாளர் ஒத்துக்கணும். சார் கையில இருந்தது நாலாவது மட்டும்.

"ரெண்டு நாள் ரீடிங் வேணா தர்றேன் சார். 'இது 3 நாள் பிஓடி அல்ல'ன்னு எழுதித்தான் தருவேன். வடிகட்டினதும் அப்படியே, தனி வரியில. அவசரம்னா சிஓடி பாக்கறேன், சில மணி நேரத்துல தெரிஞ்சிடும். ஆபரேட்டருக்கு உதவும்."

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதெல்லாம் ஆகாது தம்பி"ன்னார்.

நான் ஒண்ணும் யோக்கியசிகாமணி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பொங்கலுக்கு ஊருக்குப் போற அவசரத்துல, ரெண்டாம் நாளே பாட்டிலைத் திறந்து குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கலை. மாட்டியிருந்தா திட்டு வாங்கி மறந்திருப்பேன். மாட்டாததாலதான் இன்னைக்கும் உறுத்துது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே போய்ப் பாட்டிலைத் திறந்தேன். அவங்களுக்கு அனுமதிச்ச அளவைத் தாண்டியிருந்தது. அப்படியே ரிப்போர்ட் போட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து வேற லேப் பாத்துக்கறோம்னுட்டார். டீக்கடையில பாத்தா இப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கறார்.

அந்தக் குடியிருப்புத் தண்ணி கால்வாய் வழியா சதுப்பு நிலத்துக்குத்தான் போகுது. 2022ல ராம்சார் பட்டியல்ல சேந்தப்போ ஊரே பெருமைப்பட்ட அதே சதுப்பு நிலம். நேத்து அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திப் பாத்தேன். கொக்கும் கூழைக்கடாவும் மேஞ்சுக்கிட்டிருந்தது. அதுங்களுக்கு வடிகட்டின தண்ணி கிடையாது.

உங்க வேலையில 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க'ன்னு வந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: டீக்கடையை மட்டும் மாத்துறதா இல்லை. அங்க வடை நல்லாருக்கும்.