பதினாறு வயதில் எழுதிய நாடகம்

"பையனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குப்பா!"

இவன் கதையை யாரிடம் சொன்னாலும் இந்தப் பதில்தான் வருகிறது. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

2003 பிப்ரவரி 20 இரவு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வார்விக் ஊரில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி. 'கிரேட் ஒயிட்' ராக் குழு முதல் பாட்டை ஆரம்பிக்கிறது, மேடையில் மத்தாப்பு சீறுகிறது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் தீப்பிடிக்கிறது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றுதான் பலர் முதலில் நினைத்தார்களாம். பிறகு எல்லோரும் வந்த வழியிலேயே திரும்பி ஓட, வாசலில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து அடைத்துக்கொண்டார்கள். செத்தவர்கள் 100 பேர்.

அதில் வயதில் சின்னவன் இவன். 18 வயது. பாட்டு, கிடார், சொந்தமாக ஒரு இசைக்குழு. இதெல்லாம் போதாதென்று 16 வயதில் ஒரு நாடகமும் எழுதியிருந்தான். இறந்துபோன விடலைப் பிள்ளைகள் காவல் தேவதைகளாக வருகிற கதை. அவன் போன பிறகு அது மேடையேறியது. 2007-இல் '41' என்று அவனைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

அதனால்தான் "தெரிஞ்சிருக்கு" என்கிறார்கள். அட, பதினாறு வயதில் சாவைப் பற்றி எழுதாதவன் யார்? நம் வகுப்பில் யார் நோட்டை வேண்டுமானாலும் புரட்டுங்கள், மூன்றாவது கவிதையில் ஒருவன் செத்திருப்பான் :) இவனிடம் விசேஷம் ஒன்றுதான், நாடகத்தை எழுதி முடித்திருக்கிறான்!

விதி என்று சொல்லிவிட்டால் அந்தப் பஞ்சை யார் கேட்பது? அது பெட்ரோலியத்திலிருந்து செய்கிற பாலியூரித்தேன். கொழுந்துவிட்டு எரியும், கரும்புகை கக்கும். பழைய கட்டிடம் என்ற சலுகையில் கூரையில் தண்ணீர்த் தெளிப்பான் வைக்கவில்லை. அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நிஸ்ட், மேடைப் பகுதியை அதேபோல் கட்டி எரித்துப் பார்த்தது. தெளிப்பான் இல்லாதபோது சுமார் 90 விநாடியில் ஆள் பிழைக்க முடியாத நிலை. தெளிப்பான் வைத்தபோது தீ அடங்கியது. இதில் தேவதைக்கு என்ன வேலை?

ஆனால் அவன் அப்பா அம்மாவை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவன் இன்னும் தங்களோடுதான் இருக்கிறான் என்று அடையாளம் தேடி நம்புகிறவர்கள் அவர்கள். அப்பா அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். பெற்றவர்கள், என்ன சொல்ல...

அவர்களேகூட எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டுவிடவில்லை. மத்தாப்பு கொளுத்திய குழு மேலாளர் 2006-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 குடும்பங்களுக்கும் தன் கையால் கடிதம் எழுதினார். நான்கு வருடம் சிறை. அவரைச் சீக்கிரம் விடலாமா என்ற கேள்வி வந்தபோது, விடலாம் என்று எழுதியவர்களில் இந்தப் பையனின் பெற்றோரும் உண்டு. நடந்ததற்குத் தானே பொறுப்பு என்று எழுந்து நின்றவர் அந்த ஒரு மனிதர்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2008 மார்ச்சில் அவர் வெளியே வந்தார்.