பால் வடிந்தால் மட்டும் வெட்பாலை ஆகிவிடாது

பங்குனி, சித்திரையில் வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளின் ஓரமாகப் போகிறவர்கள் கொத்துக்கொத்தான அந்த வெள்ளைப் பூவைப் பார்த்திருப்பீர்கள். படப்பைப் பக்கம் எங்கள் வரப்பிலும் இரண்டு மரம் நிற்கிறது. வெட்பாலைதான். ஆனால் கிள்ளினால் பால் வடிகிற மரங்கள் பலவற்றுக்கும் நம் ஊரில் 'பாலை' என்றே பெயர். வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் பக்கத்து நிலத்துத் தம்பி ஒரு மூட்டைத் தழையோடு வந்தார். அவர் மகளுக்குக் காளாஞ்சகப்படை. சொரியாசிஸ் என்கிறார்களே, அதுதான். "அண்ணே, மலைப்பக்கம் போனப்போ ஒடிச்சேன். பால் வருது, பூவும் வெள்ளை. எண்ணெய் போட்டுடலாமா?" என்றார். ஏழிலைப்பாலை இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதற்கு இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். மற்ற இரண்டுக்கும் எதிரெதிராக ஜோடி இலைதான். எனவே பூவைப் பார்த்தேன். வெட்பாலைப் பூவின் நடுவில் வெள்ளை நூல் குஞ்சமும், அதற்குள் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டும் இருக்கும். இவர் கொண்டுவந்ததில் எதுவும் துருத்தவில்லை. காயும் ஜோடிதான், ஆனால் நுனி தனித்தனி. வெட்பாலையில் முழ நீளம் வரை தொங்கும் இரண்டு காயும் பிஞ்சில் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் சுமந்து வந்தது குடசப்பாலை. அதன் பட்டை சீதபேதிக்குப் பேர்போன மருந்து. தோலுக்குப் போடும் எண்ணெய்க்கு வேண்டியது இதுவல்ல. (மூலிகைக் கடைகளில் இந்தக் குழப்பம் தலைகீழாக நடக்கிறது, குடசப்பாலைப் பட்டையோடு வெட்பாலைப் பட்டை கலந்து வருவதுண்டு.)

இன்னொரு சோதனையும் உண்டு. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். இலையில் நீலச்சாயம் இருக்கிறது. கம்பெனிக் காலத்தில் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் இதிலிருந்து அவுரிபோல நீலம் எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். சென்னப்பட்டணத்து மர பொம்மைகளும் இந்த மரத்தில் கடைந்தவையே.

எண்ணெய் இருக்கட்டும், முதலில் பிள்ளையைத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டுங்கள் என்றேன். காட்டினார். அங்கே சொன்னபடி வெளிப்பூச்சு நடக்கிறது. தழை எங்கள் வரப்பிலிருந்துதான் போகிறது.

அந்த இரண்டு மரத்தையும் விறகுக்குக் கேட்டவரிடம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். விதை வேண்டுவோர் காய் பழுப்பேறும்போதே பறித்துவிட வேண்டும்; வெடித்தால் பஞ்சோடு பறந்துவிடும்.