வேலியோரத்துக் கீச்சான்

பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் எனக்கு ஊர் கண்ணில் தெரியும். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு மரம்கூட நினைவுக்கு வருவதில்லை.

அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா மரவள்ளியும் கீரையும் போட்டிருந்தார். சுற்றிலும் முள்கம்பி வேலி. தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, ஒரு விடியற்காலையில் வேலியிலிருந்து ‘கிர்ர்ர்’ என்று சத்தம் வரும். பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா தலையில் துணியைக் கட்டியபடியே, “வந்துட்டான்டா உன் கூட்டாளி” என்பார்.

பழுப்பு முதுகு. கண்ணை மறைத்துத் திருடன் கட்டியதுபோல் கறுப்புப் பட்டை. அதன் பெயர் பழுப்புக் கீச்சான் என்பதும், சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன்பே தெற்கே கிளம்பிவிடும் என்பதும் பின்னால் படித்தவை. அப்போது அது எங்கள் வீட்டுக் குருவி, அவ்வளவுதான். தினமும் அதே கம்பம். அங்கிருந்து பாய்ந்து வெட்டுக்கிளியைக் கவ்வும், மறுபடி அங்கேயே வந்து உட்காரும். மைனா நெருங்கினால் விரட்டும். அது கிழித்துப் போட்ட வெட்டுக்கிளிச் சிறகுகளை நெருப்புப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன்.

சம்பளம் போட்ட வாரம் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனால், பொழுதுசாய மின்கம்பி முழுக்கத் தகைவிலான்கள். பாட்டி ‘தலையில்லாக் குருவி’ என்பார். நான் ஒவ்வொன்றாகத் தலையைத் தேடி, இருக்கக் கண்டு ஏமாந்திருக்கிறேன். மலாய்ப் பையன்களுக்கு அது லாயாங்-லாயாங். பட்டத்துக்கும் அதே பெயர்தான்.

எங்களுக்கென்று இருந்த பனிக்காலம், பால்மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி. இலை சிவந்து கொட்டும், தீம்பார் முழுக்கச் சருகு நொறுங்கும். மங்கில் பால் குறையும், சம்பளமும் குறையும். அம்மாவுக்கு அது கடன் மாதம். எனக்கோ மொட்டைக் கிளையில் பஞ்சுருட்டான்களைத் தெளிவாகப் பார்க்கிற மாதம்.

மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்டது பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். 1917இல், ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கியவர். அந்தப் பனை எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர எண்பதுகள் ஆயிற்று. பால்மரங்களைச் சாய்த்தார்கள். செம்பனைக்கு இலையுதிர்காலம் கிடையாது. எலி பிடிக்கட்டும் என்று கூகைகளுக்குக் கம்பம் நட்டுப் பெட்டி வீடு வைத்தார்கள். லயத்து ஆட்களுக்கு வீடு கிடைக்கத்தான் வருஷக்கணக்காயிற்று.

1987இல் தொடங்கிய கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு இப்போதும் போகிறேன். தூரநோக்கி, குறிப்பேடு, எல்லாம் உண்டு. ஆனால் போன அக்டோபரில் அந்தச் சத்தம் கேட்டது எங்கள் தாமானில், எதிர்வீட்டு ஆஸ்ட்ரோ தட்டின் மேலிருந்து. வாசலில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

“இந்த வருஷம் லேட்டாத்தான் வந்திருக்கான்” என்றார்.