மாமாவுக்கு முட்டி வலியாம்!

பனிச்சறுக்குன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா டூயட்தானே! கொலராடோவுக்குப் படிக்கப் போகும்வரை எனக்கும் அதேதான். இப்போ ஞாபகம் வருவது ஒரு டிக்கெட் கவுன்ட்டர்.

டிசம்பர் லீவுக்கு டல்லாஸில் இருந்து அக்கா, மாமா, பத்து வயசுப் பையன், நாலு வயசுக் குட்டின்னு குடும்பமே வந்து இறங்கியது. "எல்லாம் நான் பாத்துக்கறேன்"னு சவுண்டு விட்டது நான்தான். கிறிஸ்துமஸ் வாரம், சனிக்கிழமை காலை, நேரே ஒரு பெரிய மலையின் கவுன்ட்டர்ல போய் நின்னோம். லிஃப்ட்டில் மலையேற ஒரு நாள் டிக்கெட், தலைக்கு 200 டாலருக்கு மேல்! ஸ்கீ, பூட்ஸ் வாடகை தனி. மாமா விலைப் பலகையை ஒரு தடவை பார்த்தார். "எனக்கு முட்டி வலி. குட்டியை நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றார். சாயங்காலம் தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கிங் படிகளில் கடகடவென ஏறினார். முட்டி வலியாம்!

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அப்புறம்தான் விசாரித்தேன். விஷயம் இதுதான் பாஸ்: கவுன்ட்டர் விலை, கடைசி நேரத்துல வர்ற நம்மளை மாதிரி ஆட்களுக்கு. பனி பெய்யுமோ பெய்யாதோ, சீசனுக்கு முன்பே காசு கைக்கு வந்துடணும்னு மலைக்காரர்கள் நினைக்கிறார்கள். அதனால் முன்கூட்டி வாங்குபவருக்குச் சலுகை. 2008-ல் வேல் ரிசார்ட்ஸ் 579 டாலருக்கு எபிக் பாஸ் என்ற சீசன் பாஸைக் கொண்டுவந்தது. 2018-ல் போட்டிக்கு ஐகான் பாஸ் வந்தது. ஒரு பக்கம் பாஸ் விற்பனை சூடு பிடிக்க, இன்னொரு பக்கம் கவுன்ட்டர் விலை எகிறியது. வேல் மலையில் இன்று உச்ச நாட்களில் ஒரு நாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டுகிறது.

சீசன் முழுக்கப் போக முடியாதவர்களுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் பாஸும் இருக்கு. ஆனா சீசன் சூடு பிடிக்கும் முன்னாடியே வாங்கிடணும். நாலு வயசு வரைக்கும் பல மலைகளில் லிஃப்ட் இலவசம். முக்கியமான விஷயம், முதல் தடவை சறுக்குபவருக்கு முழு மலை எதுக்கு? அடிவாரச் சரிவிலேயே நாள் போயிடும். அதுக்கு மட்டும் பல இடங்களில் குறைந்த விலை டிக்கெட் உண்டு. பயிற்சி, வாடகை எல்லாம் சேர்த்தும் தருவார்கள். யாரோ பாதி நாள் பயன்படுத்திய டிக்கெட்டை மலிவாக வாங்கலாம்னு மட்டும் கனவு காணாதீங்க. டிக்கெட் கைமாறக் கூடாது என்பது விதி.

அடுத்த வருஷம் செப்டம்பரிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிசம்பர் முதல் வாரம், வார நாள், பையனுக்கு ரெண்டு நாள் ஸ்கூல் மட்டம். டென்வரில் இருந்து ஒரு மணி நேரத்தில் வரும் லவ்லேண்ட் என்ற சின்ன மலை. கற்றுக்கொள்பவர்களுக்கு அங்கே தனிச் சரிவே இருக்கிறது. டிக்கெட்டை மாமா கையில் கொடுத்தேன். "எனக்கெதுக்குடா?" என்றவர், விலையைச் சொன்னதும் பூட்ஸ் மாட்ட உட்கார்ந்துட்டார்.

பதினஞ்சு தடவையாவது விழுந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டேதான் எழுந்தார்.

நீங்களும் நாளைக்கு எந்த ஊருக்காவது குடும்பத்தைக் கூட்டிட்டுப் போவீங்க. அப்போ யாராவது "எனக்கு வேணாம், நீங்க போங்க"ன்னு சொன்னா, உடனே நம்பிடாதீங்க. முதல்ல விலைப் பலகையைப் பாருங்க!