எங்கள் காருக்கு ஒரு கொழுக்கி

பயணம் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இடம்பெயர்வுதான். பாயைச் சுருட்டு, அரிசியைக் கட்டு, பிள்ளைகளை எண்ணு, ஏறு. எங்கே போகிறோம் என்று கேட்க நேரம் இருக்காது. படுவான்கரையில் பிறந்த நான் அப்படிப் பல தடவை போயிருக்கிறேன். கடைசியாகப் போனது 2007 மார்ச்சில், உழவு இயந்திரப் பெட்டியில். அதே பெட்டியில், மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பாயில் கிடத்தி என் தங்கச்சியையும் கொண்டுபோனோம். 1990களில் விழுந்த ஒரு ஷெல்லில் இரண்டு கால்களையும் இழந்தவள் அவள்.

ஆசைப்பட்ட ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் நாங்கள் இருவரும் ஒன்றாக எங்கும் போனதில்லை. அப்படிப் போவதற்காக எங்கள் பழைய காருக்கு ஒரு கொழுக்கி பூட்டினோம். அந்த வேலையில் நான் அறிந்துகொண்டவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஆசிரியராக இருந்தவர். அவர் எங்களுக்கு விட்டுப்போனது ஒரு மொரிஸ் மைனர் கார். இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டு முதல் 1971 வரை செய்யப்பட்ட கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எங்களுடையது 1960களில் வந்த 1098 சீசீ வகை. 2007 இல் அதை விட்டுவிட்டுத்தான் ஓடினோம். மீள்குடியேறிய போது டயர் இல்லை, சீற் இல்லை, பற்றரி இல்லை. உடல் மட்டும் வைக்கோலுக்குள் நின்றது. தையல் காசிலும் கோழி விற்ற காசிலும் சில வருடங்களாகச் சிறுகச் சிறுகத் திருத்தினேன். இதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்று பலர் கேட்டார்கள். ஆனால் 1990களிலேயே இந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்று எங்கள் நாட்டில், காலிப் பக்கத்தில் தொடங்கியிருந்தது. அங்கே பிறந்த காருக்கு இங்கேயிருந்து பாகம் போனது!

கார் ஓடத் தொடங்கியது. ஆனால் தங்கச்சியின் சக்கர நாற்காலி அதற்குள் அடங்கவில்லை. மொரிஸ் மைனரின் டிக்கி சிறியது. பின் சீற்றில் வைத்தால் வேறு எவரும் ஏற முடியாது. கூரையில் கட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்க யாராவது ஓர் ஆளைத் தேட வேண்டும். பஸ்ஸில் நாற்காலியோடு ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். வான் பிடிக்கக் காசு போதாது. தரைக்குக் கிட்ட இருக்கும் சிறிய இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றைக் காருக்குப் பின்னால் இழுப்பதுதான் வழியென்று எனக்குப் பட்டது.

இதைச் சொன்னபோது தங்கச்சி சிரிக்கவில்லை. "அக்கா, கதிரையைப் பொட்டியில ஏத்து. என்னை ஏத்தாத. நான் முன் சீற்றுலதான் இரிப்பன்" என்றாள். 2007 ஆம் ஆண்டுப் பயணம் அவள் மனதில் எப்படிக் கிடந்தது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

வெல்டிங் செய்யும் ஒருவரிடம் கேட்டேன். பம்பரில் ஓர் இரும்பை ஒட்டிவிட்டால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு ஏறாவூரில் பழைய கார்கள் திருத்தும் ஒரு காக்காவிடம் கொண்டுபோனேன். அவர் காருக்கடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். "தங்கச்சி, பம்பர் முட்டுப்பட்டாத் தாங்குறதுக்குத்தான். இழுக்கிறதுக்கில்ல. இந்தக் காருக்கு லொறிக்கிருக்கிற மாதிரி தனிச் சட்டமும் இல்ல. உடம்புதான் இதுக்கு எலும்பு" என்றார்.

ஆகவே முதல் வேலை கொழுக்கி செய்வது அல்ல, துருப் பார்ப்பது. வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது. பின் வில்லுத் தகடுகள் உடலோடு சேரும் இடங்களில்தான் மொரிஸ் மைனர் அதிகம் துருப்பிடிக்கும். அந்த இடங்களைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் சத்தம் மாறியது. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகடு போட்ட பிறகுதான் மற்ற வேலை தொடங்கியது.

இரண்டாவது விடயம் மிக முக்கியமானது. இந்தக் காரில் பெற்றோல் தாங்கி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைக்காமல், பற்றரியையும் கழற்றாமல் பின்பக்கத்தில் எவரையும் வெல்டிங் செய்ய விடக்கூடாது. அவசரப்படுத்துபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் விடக்கூடாது.

கொழுக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் காரின் அகலத்துக்குக் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் உறுதியான இடங்களில் போல்ற் போட்டு இறுக்கினார் காக்கா. டிக்கிக்கு உட்பக்கம் தடித்த தகடுகளையும் வைத்தார். இழுவை ஒரே இடத்தில் விழுந்தால் தகடு கிழியும், பரந்து விழுந்தால் உடல் முழுவதும் தாங்கும் என்பது அவரது விளக்கம். நடுவில் 50 மில்லிமீற்றர் உருண்டை. அதன் மேல் பெட்டியின் கிண்ணம் வந்து பூட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே குறுக்காக இரண்டு சங்கிலிகள். கிண்ணம் கழன்றாலும் பெட்டியின் முனை தெருவில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

பெட்டிக்குப் பின் லைற், பிரேக் லைற், சிக்னல் மூன்றும் வேண்டும். பல பழைய இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இப்போதைய எல்ஈடி லைற்றுகள் அதற்கு மாறாகச் செய்யப்பட்டவை, அப்படியே பூட்டினால் எரியாது. அதனால் பழைய பல்புகளையே போட்டோம்.

பெட்டியும் ஒரு வாகனமே. அதற்கும் பதிவும் இலக்கத் தகடும் தேவை. செய்விக்க முன்பே மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். காப்புறுதிக் காரரிடமும் சொல்லிவையுங்கள்.

பாரத்தைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டவள் தங்கச்சி. எங்கள் கார் 800 கிலோவுக்கும் குறைவு. நான்கு சக்கரங்களுக்கும் பழைய டிரம் பிரேக்தான். எனவே பெட்டியும் சாமானும் சேர்த்து 150 கிலோவைத் தாண்டக்கூடாது என்று நாங்களே ஓர் எல்லை வைத்துக்கொண்டோம். பாரமானவை பெட்டியின் சில்லுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு, அதாவது 15 கிலோ வரை, கொழுக்கியில் அழுத்த வேண்டும். ஆள் நிறுக்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, பெட்டியின் முனையை அதில் வைத்து அவள் நிறுத்துப் பார்ப்பாள். பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி நாய் வாலைப் போல ஆடும், காரையும் சேர்த்து ஆட்டும். அப்படி ஆடினால் சடுதியாகப் பிரேக் பிடிக்கக்கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. காலை எடுத்து, சுக்கானை நேரே பிடித்தால் வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கும்.

சென்ற பங்குனியில் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். நான், தங்கச்சி, பக்கத்து வீட்டுச் சின்னம்மா, அவருடைய பேத்தி. பெட்டியில் நாற்காலி, பாய், சமையல் பாத்திரம், தண்ணீர். முன்பு மண்முனையில் பாதைக்காகக் காத்து நிற்போம். 2014 இல் பாலம் வந்துவிட்டது. வாவியைக் கடக்க இப்போது ஓரிரு நிமிடம் போதும். கல்லடிப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது, பெட்டி ஆடவில்லை. ஓட்டமாவடி தாண்டி, பனிச்சங்கேணி, வாகரை வழியாகப் போனோம். யுத்த காலத்தில் ஹபரணை வழியாகச் சுற்றிப் போன ஊருக்கு இப்போது கரையோர வீதியாலேயே போகலாம். மூதூருக்கு அப்பால் கிண்ணியாப் பாலமும் 2009 இல் திறக்கப்பட்டுவிட்டது.

கதிரவெளியில் காரை ஓரமாக நிறுத்தினேன். 2006 நவம்பர் 8 ஆம் திகதி, இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருந்த மக்கள் ஷெல் வீச்சில் இறந்த ஊர் அது. சின்னம்மாவின் உறவினர்களும் அவர்களில் உண்டு. அவர் இறங்கிச் சிறிது நேரம் நின்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே, "சரி மகள், எடு" என்றார்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தங்கச்சி பள்ளிப் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட இடம். நாற்காலியில் அமர்ந்திருந்த அவளுக்கு வாளியால் அள்ளி ஊற்றினேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு வேறு என்று அவள் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் நெடுநாளாகக் கேட்கவில்லை.

உலகில் காரில் முதன்முதலாக நெடும்பயணம் போனவர் ஒரு பெண் என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஜெர்மனியில் 1888 இல் பேர்தா பென்ஸ் தன் இரண்டு ஆண் பிள்ளைகளோடு, கணவருக்குச் சொல்லாமல், அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கு மேல் தாய் வீட்டுக்குப் போனார். எரிபொருள் குழாய் அடைபட்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். திருத்தத் தெரிந்ததால்தான் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் புறப்பட முன் தங்கச்சி முன் சீற்றில் இருந்தபடி ஐந்து சொற்களை உரத்துக் கூப்பிடுவாள்: "பின், சங்கிலி, பிளக், லைற், டயர்." நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து "ஓம்" சொல்ல வேண்டும். ஐந்தும் சொல்லி முடியாமல் அவள் காரை எடுக்க விடமாட்டாள். சின்னம்மாவின் பேத்தியும் இப்போது பூட்டவும் கழற்றவும் பழகிவிட்டாள்.

அடுத்ததாகக் கதிர்காமம் போக வேண்டுமாம். பொத்துவில், மொனராகலை வழியாக மேடு பள்ளம் உண்டு. எங்கள் பிரேக்குக்கு அது போதுமா என்று முதலில் காக்காவிடம் காட்ட வேண்டும். தங்கச்சியோ சாமான்களின் நிறையைக் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டாள். நாற்காலிக்கு மேல் 30 கிலோ அரிசி ஏற்ற ஏலாதாம். நான் 20 கிலோவோடு ஒத்துக்கொண்டிருக்கிறேன்.